காற்றின் மேல் பழி போட்ட அப்பாவுக்கு

விடியலில் விறைத்த விரலால் என் காதைத் தொட்டு, அலற வைத்து எழுப்பிய என் அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் பனி இல்லை என்று நம்புகிறேன். இங்கே கேத்தியில் ஆவணி பிறந்தும் மழை விட்டபாடில்லை. அம்மா கூலிக்குக் கேரட் கழுவப் போய்விட்டாள். நான் நேற்றுதான் கோயமுத்தூரிலிருந்து வந்தேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காபி போட்டேன், குடிக்கவில்லை. துவைத்த சேலையை மறுபடி மடித்தேன். கடைசியில் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இன்று மதியம் நான் ஊட்டியில், உங்கள் கோல்ஃப் கிளப்பில் இருக்க வேண்டும் அப்பா. நீங்கள் இருந்தவரை நான் அந்த வேலியைத் தாண்டி உள்ளே போனதில்லை. வெளியே கற்பூர மரத்தடியில் நின்று, நீங்கள் யாருடைய பையையோ தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். "அப்பா என்ன வேலை?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது "கேடிங்க டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வந்து சொன்னால், நீங்கள் அவர்களைவிடப் பெரிதாகச் சிரித்தீர்கள். "கோல்ஃப் ஆடறவங்களுக்குப் பை தூக்கி, பந்து தேடிக் குடுக்கற ஆளுன்னு சொல்லு கண்ணு. அப்பவும் சிரிச்சா, பந்து தொலைஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளு."

நீங்கள் போன பிறகு கிடைத்த வேலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். கேட்டால் நம்ப மாட்டீர்கள். கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. கோல்ஃப் ஆடுகிறவர்களை வெயில் அடிக்கிற ஊர்களுக்கு விடுமுறைக்கு அனுப்புவதுதான் தொழில். தாய்லாந்து, பாலி, மொரீஷியஸ், இலங்கை. காலையில் ஆட்டம், மதியம் இளநீர், சாயங்காலம் கடலில் குளியல். எந்த ஊரில் எந்த மாதம் வெயில், எங்கே பந்து கடலைத் தாண்டிப் போக வேண்டும் என்றெல்லாம் நான்தான் எழுதுகிறேன். எதையும் நான் பார்த்ததில்லை. கடலையே காலேஜ் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

எழுதும்போதெல்லாம் உங்கள் ஆட்டக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். கிளப் டிவியை வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உப்பு டப்பாவைப் பந்தாக வைத்து ஆடிக் காட்டுவீர்களே. பெயர்கள் வாயில் நுழையாததால் நீங்களே பெயர் வைத்திருந்தீர்கள். சின்ன வயசிலேயே கோப்பைகளை வாரிக்கொண்டு, பிறகு வருஷக்கணக்கில் ஒன்றும் ஜெயிக்காமல், எல்லோரும் மறந்த பிறகு நரைத்த தலையோடு வந்து ஜெயித்தவர் நெட்டையன். தோற்றால் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுபவர் அழுமூஞ்சி. நெட்டையன் இப்போது ஆடுவதில்லை அப்பா. ஒரு தீவில் கடலோரமாக மைதானம் வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருமே கடைசியில் இப்படி ஏதாவது ஒரு கடற்கரைக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள் போலிருக்கிறது. முட்டி வலிக்கும்போது நீங்களும் சொல்வீர்கள்: "எனக்கும் ஒரு கடலோர மைதானம் கெடைச்சா, வெயில்லயே கெடப்பேன். இந்த ஊட்டிப் பனி எலும்பத் தின்னுது."

உங்களுக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் 'நம்மாளு'. அவர் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! பெரிய போட்டியின் கடைசி நாள். புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கக் குனிந்தபோது அவர் மட்டை பட்டு அது துளி அசைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே கையைத் தூக்கி, "என் பந்து அசைந்தது" என்று சொல்லி, தண்டனையாகத் தன் கணக்கில் ஓர் அடி கூட்டிக்கொண்டார். குறைவாக அடித்தவருக்குத்தானே கோப்பை. அந்த ஓர் அடியில் கோப்பை போனது. இதைச் சொல்லும்போது உங்கள் குரல் கம்மிவிடும்.

அப்புறம் ஏன் அப்பா, அன்றைக்குக் காற்று என்று சொன்னீர்கள்?

கேடிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்தால், "சார் அடிச்சாருங்க." காட்டுக்குள் போனால், "காத்து அடிச்சுருச்சுங்க." ஆடுபவரைக் குறை சொல்லக் கூடாது. ஊட்டிக் காற்றுக்குத்தான் நாக்கு இல்லையே, அது என்ன திருப்பியா பேசப் போகிறது என்பீர்கள். வீட்டிலும் அதேதான். அம்மா குழம்பைத் தீய்த்தால்கூட, "காத்துல தீ ஏறிருச்சு." நான் கணக்கில் கோட்டை விட்டபோதும் காற்றுதான்.

ஆனால் அந்தக் கோப்பை ஆட்டம் வேறு. நீங்கள் வழக்கமாகப் பை தூக்கும் மில்காரருக்கும் ஒரு பேங்க் ஆபீசருக்கும் போட்டி. மில்காரரின் பந்து கற்பூர மரத்து வேருக்குப் பின்னால் சிக்கியது. அவர் அதைக் காலால் நகர்த்தினார். காற்றில் நகர்ந்தால் தப்பில்லை, காலால் நகர்த்தினால் தண்டனை. ஆபீசருக்குப் பை தூக்கிய உங்கள் கூட்டாளி தேவராஜ் மாமா பார்த்ததைச் சொல்லிவிட்டார். கமிட்டி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டது. "காத்துல நகந்துச்சுங்க" என்றீர்கள். மில்காரருக்குக் கோப்பை. தேவராஜ் மாமாவுக்குப் பொய்யன் என்று பெயர். அதோடு அவர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். போன தை மாசம் உங்களைக் கொண்டுபோனபோது சுடுகாடு வரை வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் கிளறுகிறேன் என்றால், அந்த மில்காரர் இப்போது எங்கள் கம்பெனி வாடிக்கையாளர்.

ஆடியில் ஊட்டி மழையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று நண்பர்களோடு தாய்லாந்துத் தீவு கேட்டார். அந்த மாதம் அங்கேயும் மழை என்று போனில் சொன்னேன். நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். "பாப்பா, மழைங்கறது மலைக்குத்தான் வரும். அது கடலு. நீ டிக்கெட்டப் போடு" என்றார். ஊட்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நினைப்பு உண்டு, இல்லையா? நம் மலையை விட்டு இறங்கினால் உலகம் முழுக்க வெயில்தான் என்று. போய் இறங்கிய நாளிலிருந்து மழை. மைதானத்தில் தண்ணீர் நின்றது. ஒருவரும் ஒரு பந்துகூட அடிக்காமல், ஓட்டலில் சீட்டாடிவிட்டுத் திரும்பினார்கள்.

நண்பர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிதான் அந்த மாதத்தைத் தலையில் கட்டியது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் முதலாளி ரமா மேடம் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வானிலை மாறிடுச்சுங்க மேடம்."

நாக்கில் தானாக வந்தது அப்பா. உங்கள் நாக்கு அது. நான் மாதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மேடம் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் இலங்கைக்குப் போகும் குழுவோடு என்னைத் துணைக்கு அனுப்புவதாக இருந்தார். கடலோர மைதானம், நானே பார்த்திருப்பேன். அந்தப் பேச்சையே இப்போது எடுப்பதில்லை. வேலையே நிலைக்குமா என்று தெரியவில்லை.

முந்தாநாள் மில்காரர் எனக்கே போன் செய்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். "உங்கப்பன் மாதிரி விசுவாசமான ஆளு கெடையாது கண்ணு. ஞாயித்துக்கெழம கிளப்புக்கு வா. நண்பருங்க முன்னால, ஆபீஸ்ல தேதி தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வார்த்த சொல்லு போதும். உன் வேலைக்கு நான் சொல்லிக்கறேன்." மேடமும் வருகிறார்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். "சொல்லிட்டு வேலையக் காப்பாத்திக்க" என்றாள். அப்புறம் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "உங்கொப்பன் அன்னைக்குச் சொல்லிட்டு வந்து ஒரு வாரம் சோறு திங்கல" என்றாள். இதை வைத்து நான் என்ன முடிவெடுப்பது? பயத்தில் சொன்னீர்களா? வழக்கம் என்பதால் சொன்னீர்களா? நம்மாளு கதையை நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம்தானே? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

இப்போது சாயங்காலம். திரும்பி வந்துவிட்டேன்.

கிளப் வாசலில் என்னை முதலில் பார்த்தது தேவராஜ் மாமா. தோளில் பை, தலையில் பிளாஸ்டிக் தாள். "யாரு, எங்காளு மவளா? என்ன கண்ணு, கலெக்டராட்டம் சேலையக் கட்டிட்டு வந்திருக்கே? மழைல நனைஞ்சா கலெக்டரும் கோழிதான்" என்றார். அப்பா, உங்களை 'எங்காளு' என்றார்.

வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மில்காரரின் பையைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றது தேவராஜ் மாமாதான். நீங்கள் போன பிறகு அந்தப் பை அவரிடம் வந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாது.

வழுக்கைத் தலை நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "ஏம்மா, மழைக்காலத்துல எங்களத் தீவுக்கு அனுப்பின புண்ணியவதி நீதானா? படகோட்டவா அனுப்பினே?" எல்லோரும் சிரித்தார்கள். மில்காரர் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். சொல்லு என்று அர்த்தம். மேடம் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வானிலை என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. நான் தூணைப் பார்த்தேன். தேவராஜ் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கமிட்டி முன்னால் நீங்கள் பேசி முடித்தபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது.

"அந்த மாசம் மழைன்னு நான் சொன்னேனுங்க. சார்தான் அதே மாசம் வேணும்னாருங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. வழுக்கைத் தலைக்காரர், "என்னது? சத்தமாச் சொல்லும்மா" என்றார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சமையல்கட்டு வரை கேட்டிருக்கும்.

அவர் மில்காரரின் முதுகில் தட்டி, "அதான பாத்தேன்! மழை மலைக்குத்தான் வரும்னு எங்ககிட்டயும் நீதான சொன்னே!" என்றார். ஒரே சிரிப்பு. மில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்து, "உங்கப்பனா இருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

"ஆமாங்க சார்," என்றேன். "காத்துன்னு சொல்லியிருப்பாருங்க."

அவர் முகம் மாறியது. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் டீயில் சர்க்கரை கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

கிளம்பும்போது தேவராஜ் மாமா வாசல் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும், "உங்கம்மாகிட்டச் சொல்லு, வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றேன். வறுகடலை வாங்கிட்டு வர்றேன், டீ மட்டும் அவ போடட்டும்" என்றார்.

ஜெயித்த மாதிரி இல்லை அப்பா. மேடம் காரில் ஏறும்போது, "திங்கக்கிழமை பேசலாம்" என்று மட்டும் சொன்னார். மில்காரர் அவருக்குப் பெரிய வாடிக்கையாளர். இலங்கையும் இருக்காது, வேலையும் இருக்காது என்றுகூட ஆகலாம். உங்களை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்று வழி நெடுக மனசு அலைந்தது. லவ்டேல் தாண்டியதும் சரி என்று பட்டது. கேத்தியில் இறங்கும்போது மறுபடி தப்பென்று பட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கோபப்பட்டிருப்பீர்களா? இல்லை, உப்பு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, "எங்க, எப்படிச் சொன்னே, மறுபடி சொல்லு" என்றிருப்பீர்களா?

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கேரட் மண் ஒட்டின கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தேவராஜண்ணன் வர்றேன்னாரா? நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது டம்ளர்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அப்பா, இந்த வேலையில் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது வேலையில், என்றைக்காவது ஒரு நாள் நான் அந்தக் கடலோர மைதானத்துக்குப் போவேன். உங்கள் நெட்டையன் போட்ட புல்லில், வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உங்களுக்குச் சொல்வேன். அடித்தால் அடிக்கிறது என்பேன். அடிக்காவிட்டால், இல்லை என்பேன்.

உங்கள் நாக்கோடு பிறந்து, இன்று அதை ஒரு தடவை மீறிவிட்ட,
உங்கள் ஒரே மகள்,
சாந்தி