கடைத்தெருவில் கூரை திறந்த கார்

சார்,

இன்று காலை காரின் கான்வாஸ் கூரையைக் கழுவி வெயிலில் நிறுத்தினேன். புதுக் குடையை முதல் மழையில் விரித்தால் வருமே ஒரு வாசனை, அது வாசல் முழுக்கப் பரவியது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "கணக்கு சார் இருந்திருந்தா இந்நேரம் ஈரக் கூரையைத் தடவிப் பார்த்து எங்கெங்க அழுக்குன்னு சொல்லியிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னை நலம் விசாரிக்கும் முன்பு நீங்கள் கூரையைத்தானே விசாரிப்பீர்கள்.

துபாயில் ஒர்க்ஷாப் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, இந்தப் பழைய காரை வாங்கிக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்த புதிது அது. இந்த வெயிலில் கூரை திறக்கிற காரை எவன் எடுப்பான் என்று எங்கள் தெருவே கேலி பேசியது. நன்னிலம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் மஞ்சள் பையோடு வந்து இறங்கிய முதல் ஆள் நீங்கள். ஊரில் கணக்கு வாத்தியார், ஒரே மகளுக்குக் கல்யாணம் என்றீர்கள். "பட்டனை அமுக்கினா தானாவே திறக்குமா பாய்?" என்று கேட்டீர்கள். திறந்து காட்டினேன். மூடச் சொன்னீர்கள். மறுபடி திறக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் கூரை எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் போய்ப் படுப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

கல்யாணத்தன்று காலை உங்கள் வீட்டு வாசலிலும் அது ஒழுங்காகத் திறந்தது. முகூர்த்தம் முடிந்தது. மாலையில் மண்டப வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் தயாராக நிற்க, பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் ஏறி உட்கார, நான் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் கண் சிமிட்டியது.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேட்டரி இறங்கிவிட்டதோ என்று பேண்டு வேனிலிருந்து ஒயர் போட்டேன். அதற்கும் அசையவில்லை. நீங்கள் என் தோளுக்குப் பின்னாலேயே நின்று, "இப்ப என்ன பாக்குறீங்க? எதுக்குப் பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னேன்: "சார், கூரையைத் தூக்குறதுக்கு உள்ள ஒரு பம்ப் இருக்கு. அது ஓடுற சத்தம் கேட்டும் கூரை எழும்பலைன்னா எண்ணெய் குறைவுன்னு சொல்லலாம். இது சத்தமே போடல. எங்கேயோ ஒன்னு சரியா இல்லைன்னு வண்டிக்குப் படுது. அதனால வேணும்னே மறுக்குது."

"மாப்பிள்ளையை விட இதுக்குத்தான் உபசாரம் அதிகமா இருக்கு" என்றீர்கள். பின்சீட்டில் உங்கள் மகள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுமை இழந்து வந்தார். "நேரமாவுது வாத்தியாரே. கூரையோடவே போகட்டும். ஏசி போட்டுக்கிட்டா புள்ளைங்களுக்கும் சுகம்."

நீங்கள் அவரிடம் கைகூப்பி, "கொஞ்சம் பொறுத்துக்குங்க சம்பந்தி" என்றீர்கள். பிறகு என்னைக் காருக்கு மறுபக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "பாய், எங்க அப்பா பண்ணைக்கு வேலை பாத்தவரு. இந்தக் கடைத்தெருவுக்குள்ள நுழையிறப்ப செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்குவாரு. அவரு பேத்தி இதே தெருவுல எல்லாரும் பாக்க, தலைக்கு மேல மறைப்பு இல்லாம போகணும். அதுக்குத்தான் இந்த வண்டி. வேற ஒன்னும் இல்ல."

ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தேன் சார். அதுவரை என் தொழில் பேர் கெட்டுவிடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள். "காலையில திறந்துச்சு. அதுக்கப்புறம் வண்டிக்கு என்ன நடந்துச்சு? ஒன்னு விடாம சொல்லுங்க."

"ஒன்னும் நடக்கல சார். கூரையை மூடிக்கிட்டு உங்க வீட்டுலேருந்து மண்டபத்துக்கு வந்தேன். வர்றப்ப சீர்ச் சாமானை டிக்கியில ஏத்துனாங்க. இங்க இறக்கியாச்சு. அவ்வளவுதான்."

சொல்லி வாய் மூடும் முன்பே இரண்டு பேரும் டிக்கியைப் பார்த்தோம். உள்ளே ஒரு தடுப்பு உண்டு. மடிகிற கூரைக்கு அதுதான் இடம் ஒதுக்கி வைக்கும். சாமான் ஏற்றுவதற்காக யாரோ அதை மேலே தள்ளியிருந்தார்கள். இழுத்துக் கீழே மாட்டினேன். ஓடி வந்து பட்டனை அமுக்கினேன். அதே விளக்கு, அதே சிமிட்டல்.

"மாட்டிக்கல பாய், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, பட்டு வேட்டி கசங்கக் கத்தினீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கொக்கி போய் விழவேண்டிய பள்ளம் நிறைய நெல். சீரோடு நெல் நிரப்பி வைத்த மரக்கால் வழியில் சாய்ந்து கொட்டியிருக்கிறது. கொக்கி முழுசாக இறங்கினால்தான் அடியில் இருக்கும் சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் வண்டி நம்பும்.

உங்கள் மகள் தலையிலிருந்து ஒரு ஹேர்ப்பின்னை உருவி ஜன்னல் வழியே நீட்டினாள். நான் நோண்ட நோண்ட நீங்கள் உள்ளங்கையில் நெல்லை வாங்கினீர்கள். தடுப்பு 'டக்' என்று உட்கார்ந்தது.

"நீங்களே அமுக்குங்க சார்" என்றேன்.

அமுக்கினீர்கள். பம்ப் முனகியது. கூரை மெல்ல எழுந்து, ஆகாயம் தெரிந்து, பின்னால் மடிந்து படுத்தது. பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கூடக் கை தட்டினார்.

நீங்கள் காரில் ஏறவில்லை. கதவில் ஒரு கை வைத்துக்கொண்டு கூடவே நடந்தீர்கள். கடைத்தெரு திரும்பியதும் உங்கள் புதுச் செருப்பு தார் ரோட்டில் சரக் சரக்கென்று சத்தம் போட்டது. அத்தனை வாத்தியத்தையும் மீறி எனக்கு அது கேட்டது. டீக்கடையில் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். ஜவுளிக் கடை மாடியிலிருந்து பெண்கள் பூ போட்டார்கள். பெரிய மளிகைக் கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி, படியைத் தாண்டி ரோட்டுக்கே வந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் மகள் இரண்டு கையையும் தூக்கி எல்லாருக்கும் ஆட்டினாள்.

"மெதுவா பாய். இன்னும் மெதுவா."

இதற்கு மேல் மெதுவாகப் போனால் வண்டி அணைந்துவிடும் என்றேன். "அணைஞ்சா தள்ளிக்கிட்டுப் போவோம்" என்றீர்கள். மாப்பிள்ளை குனிந்து, "மாமா, நாங்க எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம்" என்றார். அந்தச் சிரிப்பு மண்டபம் திரும்பும் வரை ஓயவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எங்களுக்கு உறவாகிவிட்டீர்கள். ஒவ்வொரு ரமலானுக்கும் நோன்புக் கஞ்சி குடிக்க பஸ் ஏறி வந்தீர்கள். பெருநாள் மறுதினம் கூரையைத் திறந்துகொண்டு தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போவோம். காற்றில் சாயம் போட்ட முடி குத்திட்டு நிற்க, எதிரே வருகிற முன்பின் தெரியாத பஸ் டிரைவருக்கெல்லாம் சலாம் வைப்பீர்கள். போன மாசியில் உங்களுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை அந்த வண்டியில பாத்த மாதிரியே நெனச்சுக்குங்க பாய்" என்றாள். அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். கூரை திறந்த காரில் பெண்ணும் மாப்பிள்ளையும். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, கடைகள் தெரிந்ததும் நத்தையாக ஊர்ந்தது. என் கால் தானாகவே எழும்பிவிடுகிறது சார், நான் என்ன செய்ய. மாப்பிள்ளைப் பையன் முன்னால் குனிந்து கேட்டான்: "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல தம்பி" என்றேன். "கடைத்தெரு வந்துடுச்சு."