மதிவதனி மடித்த புடவைகள்

ஜூலை 7, திங்கள்

நேற்று, மூட்டுக்கு வாரம் ஒருமுறை போடும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. இன்று விடிந்ததும் வாந்தி. விரல்கள் பத்தரை மணி வரை திறக்கவில்லை. ஜவுளிக்கடையில், அதுவும் பட்டுப் பிரிவில், விரல் திறக்காத பொம்பளை! சிரிப்புதான் வருகிறது.

முடக்குவாதம் என்று கடையில் மதிவதனிக்கு மட்டும்தான் தெரியும். நான் பேசி விற்பேன், அவள் மடித்து அடுக்குவாள். "நீங்க வாயி, நானு கையி, கலாக்கா" என்பாள். பில் எல்லாம் என் பெயரில்தான் விழுகிறது. வீசிங் என்று லீவு கேட்ட எழிலரசியை மறுநாளே நிறுத்தினார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தெரியக்கூடாது.

ஜூலை 10, பௌர்ணமி

எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து இன்று பஸ் இல்லை. கிரிவலக் கூட்டத்தோடு கடைக்கு நடந்தேன். "அரோகரா சொல்லிக்கினே நடம்மா, வலி தெரியாது" என்றார் ஒருவர். ஏன் தெரியாது? அவர் முட்டியா அது? எனக்குப் புண்ணியம் வேண்டாம், ஒரு ஆட்டோ போதும்.

ஜூலை 29

ஆடித் தள்ளுபடி. உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், தொழிலாளர் அதிகாரி வந்தால் காட்டுவதற்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

தள்ளுபடி முடிந்தது, ஆள் குறைக்கிறார்கள். சூப்பர்வைசர் இராமலிங்கம் எங்கள் இருவரையும் நிற்க வைத்து என்னைக் கேட்டார். "மதிவதனி பேர்ல பில்லே இல்லியே. நாள் பூரா இன்னாதான் பண்றா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்கு மடித்துத் தருகிறாள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உன் கைக்கு என்ன என்பார். "தெரியல சார்" என்றேன்.

பாவி, தெரியலன்னு சொல்லிட்டேன். வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது எனக்கு. அவளை அங்கேயே நிறுத்தினார்கள். அப்போதும் என் கையைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று வீட்டுக்குப் போயிருப்பது நான்.

ஆகஸ்ட் 20

மடிக்காத புடவைகளைக் கவுண்டருக்கு அடியில் திணித்துவிட்டு வந்தேன். எத்தனை நாளைக்கு?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதிவதனி வந்தாள், கஸ்டமராக. தங்கைக்குக் கல்யாணமாம். நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மாம்பழக் கலர் எடுங்க. பக்கத்துல இருக்கறது. அதுவும்" என்றாள். பிரித்துப் பிரித்துப் போட்டேன். கவுண்டர் நிறைந்துவிட்டது.

"எதுவும் புடிக்கல. மடிச்சி வெச்சிடுங்கக்கா, நான் பாக்கறேன்."

கரையோடு கரை சேரவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை அவள் கை தானாக முந்தானையைப் பிடிக்க வந்தது. பிறகு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் இராமலிங்கம் நின்றிருந்தார். "இன்னாம்மா இது, வெரலு இப்படிக் கோணிக்கினு இருக்குது? மதிவதனி, நீ கூடவேதான இருந்த. இவ கைக்கு இன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியல சார்."

செப்டம்பர் 2

என்னையும் நிறுத்திவிட்டார்கள். யூனிஃபார்ம் புடவைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டுமாம். துவைத்தாயிற்று. காய்ந்தும்விட்டது. கொடியிலேயே கிடக்கிறது.