அப்பா ஏன் போனார் என்று கேட்டார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா? இங்கே கிரான்பர்னில் நானும் சித்தியும் சுகம்.

செவ்வாய்க்கிழமை விசா விசாரணை முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தேத்தண்ணியும் தந்தார்கள். அப்பா ஏன் ஊர்க் காவல்படையில் சேர்ந்தார் என்று கேட்டார்கள். விரும்பிச் சேர்ந்தவர் என்றால் விசா மறுத்துவிடுவார்கள் என்று பயந்து சித்தி சொல்லித் தந்தபடியே, "கட்டாயப்படுத்திக் கொண்டுபோனவை" என்றேன்.

"அப்ப அவருக்கு விருப்பமில்லையோ, பிள்ளை?" என்று மொழிபெயர்த்த அன்ரி கேட்டா.

"விருப்பமில்லை."

"சனம் தண்ணி அள்ளப் போற பாதையில ஆரோ ஒருத்தர் காவல் நிக்கத்தானே வேணும்" என்று சொல்லி அப்பா தானாகவே போனதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நான் பிறக்கும் முன்பே இறந்துபோனவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் இல்லையென்று சொல்லிவிட்டேன்.

மிளகாய்த்தூளோடு அவருடைய படமும் அனுப்பச் சொல்லியிருந்தேன். இப்போதைக்குத் தூள் மட்டும் போதும், அம்மா.

பேக்கரி வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
தனுஷியா