கரைந்தது வடிதாளில் நிற்காது

அக்கா,

இன்று காலை சன்னலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். இரவு பெய்த மழையைச் சாக்காக வைத்து யாரோ சாயக்கழிவை ஓடையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஓடை ஊதா நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. உங்கள் ஞாபகம் வந்தது.

வேலம்பாளையத்துத் தனியார் பள்ளியில் நாம் இருவரும் அறிவியல் ஆசிரியைகள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த கணவரோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர் நீங்கள். ஒருநாள் ஏழாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் பாடம். புத்தகத்தில் சொன்ன உப்புத்தண்ணீருக்குப் பதிலாகப் ஓடைச் சாயம் ஊறி நிறம் மாறிய பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை எடுத்தீர்கள். மண் வடிதாளில் தங்கியது. நிறம் தண்ணீரோடு இறங்கிவிட்டது. பிறகு அதைப் பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சினீர்கள். பக்கத்து வகுப்பிலிருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தேன். தண்ணீர் வற்றிய கிண்ணத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு.

"கரைஞ்சது வடிகட்டுனா நிக்காது, புள்ளைகளா. தண்ணி ஆவியாப் போனாலும் அது போவாது" என்றீர்கள்.

அப்போதுதான் தாளாளர் உள்ளே வந்தார். ஓடையின் மேல்பக்கம் இருந்த சாயப்பட்டறை அவருடையது.

"ஏனுங்க டீச்சர், பொஸ்தகத்துல இருக்கற உப்புத்தண்ணி போதாதுங்களா?"

"இதுலயும் உப்புதான் சார் இருக்கு."

"ஆமாங்க, வெறும் உப்புத்தானுங்க. இதப் போயிப் பெருசு பண்ணிட்டு."

"அப்போ கொஞ்சம் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க சார்."

கிண்ணத்தை நீட்டினீர்கள். அவர் மெல்லச் சிரித்தார். "புள்ளைங்க பயந்துக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்டு முடிவில், "வேற ஆள் பாத்தாச்சுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று அதே மரியாதையோடு உங்களை அனுப்பினார். அந்த மரியாதை ஓடையைவிட நாறியது.

காய்ச்சல் கண்டு நீங்கள் இறந்துபோன அன்று அவர் ரோஜா மாலையோடு வந்தார். "டீச்சர் நம்ம பள்ளிக்கூடத்துக்கே ஒரு சொத்துங்க" என்று உங்கள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருடைய ஆட்கள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அவரே ஒன்றை நீட்டினார்.

"வெயிலுங்க டீச்சர், குடிங்க."

"வேண்டாமுங்க."

"சுத்தமான தண்ணிதானுங்க."

நான் வாங்கவில்லை. அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. சுற்றியிருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள், சாவு வீட்டில் மரியாதை தெரியாதவள் என்று. எழுந்து உங்கள் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பள்ளியில் மதிய உணவு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்து, ஓடைப் பக்கமிருந்து காற்று திரும்பியதும் மூடிவிட்டு ஒருமுறை சொன்னீர்கள்: "இந்த நாத்தம் பழகிட்டுன்னா நாம தொலைஞ்சோம், கேட்டியா." இங்கே எல்லோருக்கும் பழகிவிட்டது, அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் ஓடையைப் பார்த்து நின்றபடியே பல் துலக்குகிறார். "ரெண்டு நாள்ல சரியாப் போயிருமுங்க" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார்.

எனக்கு இன்னும் குமட்டுகிறது. இந்தக் குமட்டல் நிற்க வேண்டாம்.