தலையை நான்கு முறை ஆட்டினேன்

மார்ச் 3, செவ்வாய்

எனக்குக் காது கேட்கவில்லையாம். டாக்டர் சொல்லவில்லை, முதலாளி சொல்கிறார்.

இந்தச் சலவை ஆலையில் பத்தொன்பது வருடமாக மேற்பார்வையாளர் நான். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதித் துண்டு என்று ஊரார் அழுக்கெல்லாம் என் கண் முன்னால்தான் வெளுக்கிறது. இன்று என் அழுக்கை மேசையில் விரித்தார்கள். மூன்று புகார்கள், மூன்றிலும் ஒரே வாசகம்: "சொல்லி முடிக்க விடமாட்டேங்கிறார்."

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"அது வந்து சார், அவங்க..."

"தெரியும், தெரியும். நீங்க பயிற்சிக்குப் போங்க."

தேறாவிட்டால் நாற்காலி போய்விடுமாம். அவருடைய அக்கா மகன் அந்த நாற்காலியை ஒரு மாதமாகவே கண்ணால் அளந்துகொண்டிருக்கிறான்.

மார்ச் 5, வியாழன்

பயிற்சி. டை கட்டிய ஒருவர், கேட்பது எவ்வளவு முக்கியம் என்று மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசினார். ஒரு அம்மாள் கை தூக்கினார். "கேள்விக்கெல்லாம் கடைசியில நேரம் இருக்கு" என்றார் டைக்காரர். இருக்கவில்லை.

சரக்கு இவ்வளவுதான்: எதிராளியின் கண்ணைப் பார். கொஞ்சம் முன்னால் சாய். தலையை ஆட்டு. அவர் கடைசியாகச் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்.

பக்கத்து நாற்காலிக்காரரிடம் பழகிப் பார்த்தேன். "என் தங்கச்சி எங்கிட்ட பேசி ரெண்டு வருஷமாச்சு" என்றார். "ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்றீங்க" என்றேன். மனிதர் கண் கலங்கிவிட்டார்! அடடா, இவ்வளவு சுலபமா? ஐம்பத்தொரு வயது வரை தெரியாமல் போயிற்றே.

வீட்டில் எடுபடவில்லை. "ஏங்க, எதுக்கு இப்படி முறைக்கிறீங்க? கழுத்து பிடிச்சிருக்கா?" என்றாள் என் மனைவி.

மார்ச் 9, திங்கள்

யார் வந்து என்ன சொன்னாலும் இனி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கண்ணைப் பார்த்தீர்களா? குறுக்கிட்டீர்களா? தலையசைத்தது எத்தனை முறை? கீழே, 'நான் சொன்னதைக் கேட்டார்' என்று வந்தவர் கையெழுத்து.

முதல் கையெழுத்து தொடர்கதையுடையது. பெரிய சலவை இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஆலையே வைத்த பெயர் அது. "தண்ணி வரல" என்று சொல்ல வந்தாலும், காலையில் பல் தேய்த்ததிலிருந்துதான் தொடங்குவார். முன்பெல்லாம் இரண்டாவது வரியிலேயே வெட்டிவிடுவேன். இன்று விட்டேன்.

"பஸ்ஸுல மச்சானைப் பார்த்தேன் சார். முழங்கால் வலியாம். அவரு அந்தக் காலத்துல பந்து விளையாடுவாரு..."

சாய்ந்தேன். ஆட்டினேன். மனசு மதியச் சாப்பாட்டில் இருந்தது. மச்சான், மச்சானின் பந்து, பஸ் நடத்துனர் எல்லாம் தாண்டி எங்கேயோ போய் நின்றார்.

"...பிழியிறப்ப கடைசியில ஒரு உறுமல் வருது சார். பேரிங் பார்க்கணும்."

"பேரிங் பார்க்கணும்னு சொல்றீங்க."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது அவருக்கு. "இப்பதான் சார் நீங்க மனுஷன் மாதிரி கேக்குறீங்க!" என்று கையெழுத்துப் போட்டார். பாராட்டா திட்டா? பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

மறுபடி தொடர்கதை. மறுபடி உறுமல். தலையசைப்பு: நான்கு. கையெழுத்து: ஒன்று.

மார்ச் 16, திங்கள்

என் படம் அறிவிப்புப் பலகையில்! 'இந்த மாதத்தின் சிறந்த செவி.' காது தெரிய வேண்டுமென்று பக்கவாட்டில் எடுத்தார்கள். ஓரத்து நரை எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. இஸ்திரிப் பிரிவு அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு, உள்ள வழி இருக்கா?" என்றார். பொறாமை.

மார்ச் 17, செவ்வாய்

போச்சு.

பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருக்கும்போது பேரிங் உடைந்தது. உருளை பக்கத் தகட்டில் இடித்து, பெல்ட் கருகி, கூடம் முழுக்கப் புகை, முழங்கால் வரை நுரை. விரிப்பெல்லாம் நார் நாராக வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தொடர்கதைதான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்.

முதலாளி வந்தார். "அளவுக்கு மேல துணியைத் திணிச்சிருக்க. நாளைலேர்ந்து வராத."

தொடர்கதை என்னைப் பார்த்தார். பஸ்ஸையும் மச்சானையும் விடாத அந்த மனிதர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். நான் பேசியிருக்கலாம். செருப்புக்குள் புகுந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "அவரு முன்னாடியே சொல்லலையா?"

"சொன்னார். ரெண்டு தடவை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"தலையாட்டினேன்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கண், குறுக்கீடு, ஆட்டல் எல்லாம் இருக்கு. அவரு என்ன சொன்னாருன்னு எழுத ஒரு கட்டம் கூட இல்லையே! ஏன்டா, இருந்திருந்தா மட்டும் எழுதிக் கிழிச்சிருப்பியா நீ? மெக்கானிக்குக்கு ஒரு போன். ஒரே ஒரு போன். அதுக்குக் கழுத்து கூட வேணாம், விரல் போதும்.

மார்ச் 18, புதன்

முதலாளி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "தப்பு என் மேல சார். அவரு ரெண்டு தடவை சொன்னாரு. நான்தான் மெக்கானிக்கைக் கூப்பிடல."

முதலாளி என் கண்ணைப் பார்த்தார். முன்னால் சாய்ந்தார். தலையை ஆட்டினார். "கூப்பிடலன்னு சொல்றீங்க."

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. எவ்வளவு பொறுமையாகக் கேட்டார்! வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்: "பெரிய மெஷினுக்குப் புது ஆள் ஒருத்தரைப் பாருங்க."

இவரும் அந்த வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

காகிதத்திடம் தலையாட்டித் தப்பிக்க முடியாதல்லவா? நான்கு வரி எழுதினேன். தேதி, உறுமல், பேரிங், என் சோம்பல். கீழே என் கையெழுத்து. ஒன்றை முதலாளி மேசையில் வைத்தேன். இன்னொன்றைப் பலகையில், என் காதுக்கு நேர் கீழே, ஒட்டினேன். இஸ்திரிப் பிரிவு அக்கா இயந்திரச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இரண்டாம் முறை கேட்டவர்களுக்கும் மறுக்கவில்லை.

முதலாளி மூச்சிரைக்க வந்தார். "இப்படியா நாலு பேர் பார்க்க ஒட்டுறது?"

"ஒட்டுறதுன்னு சொல்றீங்க" என்றேன்.

தேவையா? தேவையே இல்லை. வாய்.

மார்ச் 23, திங்கள்

தொடர்கதை வேலைக்குத் திரும்பினார். என் நாற்காலியில் அக்கா மகன். நான் அழுக்குத் துணி பிரிக்கும் பிரிவில், கையுறையோடு. பலகையில் காது இருந்த இடத்தில் நான்கு குண்டூசி.

ஏப்ரல் 8, புதன்

தேநீர் இடைவேளையில் தொடர்கதை தேடிக்கொண்டு வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். கையெழுத்துக்குப் படிவம் இல்லை. ஆட்டுவதற்குக் கழுத்தும் தயாராக இல்லை, மூட்டை தூக்கிச் சுளுக்கு. பஸ்ஸில் தொடங்கினார். பழைய பந்தாட்டங்கள், டாக்டரின் கோபம், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நின்ற வரிசை... இருபது நிமிடம். எப்போது உறுமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சரிங்க, மெஷினுக்கு என்ன?" என்றேன்.

"மெஷினா? அது ஜோரா ஓடுது. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

மச்சானுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. கூட இருக்க ஆள் இல்லாததால் தொடர்கதைக்கு அன்று விடுப்பு வேண்டும். அக்கா மகனிடம் சொன்னாராம். அவன் நன்றாகத் தலையாட்டினானாம். நான் விடுப்புச் சீட்டை எழுதி, அவன் கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே நின்று, வாங்கிக் கொடுத்துவிட்டேன்.