மவுஸும் என் வலது கையும்

மார்ச் 11, செவ்வாய்
அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் புது இயங்குதளம் ஏற்றிவிட்டார்கள். "நெரெயா, பளபளன்னு இருக்கு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான் பக்கத்து மேசை வால்டெமார். பளபளப்புதான். என் குட்டிச் செயலி மட்டும் திறக்கவில்லை. கை நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, அம்புக்குறியை நேராக ஓடவிடும் செயலி அது. எழுத்தைப் பெரிதாக்க, திரையை வாசித்துக்காட்ட எல்லாம் இயங்குதளத்திலேயே வழி இருக்கிறது. நடுங்கும் கைக்கு ஒன்றுமில்லை. சில வருடங்களாக அதை நம்பித்தான் பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கிறேன். என் கை நடுங்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

மார்ச் 12
புகைப்படத்தை நகர்த்தப் போய்த் தலைப்பை அழித்தேன். தூக்கமில்லை என்று சமாளித்தேன்.

மார்ச் 14
செயலியை எழுதியவர் சால்ட்டோ என்ற ஊர்க்காரர், எவெலியோ. எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். பின்னால் கோழிச் சத்தம்.
"எங்கப்பாவுக்காகப் பண்ணதும்மா அது. போன வருஷம் தவறிட்டாரு. அப்புறம் அதைத் தொடவே மனசு வரலை."
அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது?

மார்ச் 15
வேலையை விட்டுடலாமா? ஐம்பத்திரண்டு வயசுல வேற என்னடி தெரியும் உனக்கு?

மார்ச் 19
அவரே அழைத்தார்.
"சரி பண்ணிடலாம். ஆனா சோதிச்சுப் பாக்க நடுங்குற கை வேணுமே. என் கை கல்லு மாதிரி நிக்குது."
"என் கை இருக்கு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் 24
முதல் சோதனை. அம்புக்குறி திரை ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நான் வட்டங்கள் வரைந்தேன். என் கையின் அசைவு அங்கே அவர் திரையில் கோடாக விழுந்தது.
"உங்க நடுக்கம் வேகமா இருக்கு. அப்பாவோடது மெதுவா வரும்..."
பிறகு, "இன்னொரு வட்டம் போடுங்க" என்றார். மாத்தே தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வரைந்தேன்.

மார்ச் 28
நேராக ஓடுகிறது!

ஏப்ரல் 9, புதன்
புதுப் பதிப்பு வெளியானதிலிருந்து எவெலியோவுக்கு ஓயாத அழைப்புகள். சிலரை என்னிடம் அனுப்புகிறார். இன்று மதியம் தொலைதூரக் குவயாகில் நகரிலிருந்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர். அம்புக்குறியின் வேகத்தை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.
"உங்களுக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியுது?"
"எனக்கும் கை நடுங்கும், டாக்டர்."
என் மேசையில் உட்கார்ந்தபடி, குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னேன். வால்டெமார் நிமிர்ந்தான். நான் போனை வைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான்.
"எங்க, எப்படி வேலை செய்யுதுன்னு காட்டு."
காட்டினேன்.