கணினிக்குள் ஒரு தாம்பரம்

கலிபோர்னியா
8.9.1996

அன்புள்ள ஜெயக்கொடிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க மாடம்பாக்கத்து ஈஸ்வரன் துணை இருக்கட்டும்.

இங்கே பல்கலைக்கழகத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வாங்கினேன், வாங்கினாய், வாங்கினான் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு முழம் பூ வாங்கச் சொன்னால் மட்டும் முழிக்கிறார்கள். அதனால் கணினிக்குள் ஒரு தாம்பரம் கட்டியிருக்கிறேன். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'மார்க்கெட்டுக்குப் போ' என்று அடித்தால் அங்கே யார் நிற்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று திரையில் வரும். ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு அடித்தே பேச வேண்டும். நான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவன். பூக்காரிக்குத்தான் ஆள் இல்லை.

உன் ஞாபகம் வந்தது. சிட்டிபாபுவின் கம்ப்யூட்டர் சென்டரில் இன்டர்நெட் வந்துவிட்டதாக எழுதியிருந்தாயே. செவ்வாய் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார். எனக்கு அது திங்கள் மாலை வகுப்பு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் போதும். ஒரே சட்டம், யாரும் வேஷத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

ஒப்பந்தம் முடிந்து மே மாதம் வந்துவிடுவேன். அதுவரை அங்கேயாவது சந்திப்போம்.

உன்னையே நினைத்திருக்கும்,
முனிரத்தினம்

---

கிழக்குத் தாம்பரம்
19.11.1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பூக்காரி பிழைத்துக்கொண்டாள். முதல் நாள் ஹெலன் என்ற பெண், 'ஐயா, மல்லிகை எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்டாள். சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்தார். நான் விடவில்லை. நம் மார்க்கெட் செல்வம்மாள் மாதிரியே, 'மொழம் மூணு ரூபா. வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி நவுந்துக்கோ' என்று அடித்தேன். இப்போது அவள் என்னிடமே பேரம் பேசுகிறாள். 'இன்னா அக்கா, பேஜார் பண்றீங்க' என்கிறாள்!

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் பிள்ளைகள் எல்லாரும் கோயில் பக்கம் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் நாம் இரண்டு பேர்தான். 'சாப்டீங்களா மாமா?' என்று கேட்டேன். 'எந்த ஊருக்கு டிக்கெட்?' என்று வந்தது. சட்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு சுருங்கிப்போயிற்று. 'கூடுவாஞ்சேரி' என்றேன், வேறென்ன சொல்வது?

மின்னஞ்சலில் எழுது என்கிறீர்கள். அது சிட்டிபாபுவின் கணக்கு. அவர் படித்து ரசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுக்கிறார்.

உங்களைப் பார்க்க வேண்டும் மாமா. மே மாதம் என்ன தேதி?

வழி பார்த்திருக்கும் மனைவி,
ஜெயக்கொடி

---

12.1.1997

அன்புள்ள ஜெயக்கொடிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நானே சட்டத்தை மீறினால் பிள்ளைகள் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள்.

நம் தாம்பரத்தைப் பற்றித்தான் இங்கே ஒரே பேச்சு. இன்னும் இரண்டு வருஷம் இருந்து இதை விரிவாக்கச் சொல்கிறார்கள். மாடம்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் கட்டலாம். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஆசையாகத்தான் இருக்கிறது. உனக்குச் சம்மதமா?

உன்,
முனிரத்தினம்

---

கிழக்குத் தாம்பரம்
18.2.1997

அன்புள்ள மாமாவுக்கு,

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். இருப்பதாக முடிவு செய்துவிட்டு என்னிடம் சம்மதம் வேறு கேட்கிறீர்கள். அத்தைக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'இன்னா கூத்துடி இது? தாம்பரம் இங்க கீது, அவன் அங்க குந்திகினு இன்னாத்துக்குக் கட்றான்?' என்றார். எனக்கும் அதுதான் கேள்வி.

இன்று காலை ஸ்டேஷனில் ஹெலன், 'உங்க வூட்டுக்காரர் எங்க அக்கா?' என்று கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். 'வெளியூர் போயிருக்காரு. வருவாரு வருவாருன்னு பாத்துகினு கீறேன்' என்றேன். பூக்காரிதான் பேசினாள். சட்டத்தை நான் மீறவில்லை. நீங்கள் கவுண்டரில்தான் இருந்தீர்கள், ஒரு வார்த்தை வரவில்லை.

இனிமேல் நான் போக மாட்டேன். பூக்காரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இஷ்டம் எதுவோ அப்படியே செய்யுங்கள்.

ஜெயக்கொடி

---

18.3.1997

என் ஜெயக்கொடிக்கு,

நேற்றைய வகுப்பிலும் நீ வரவில்லை. பிள்ளைகள் மார்க்கெட் முழுக்கத் தேடினார்கள். பிறகு ஹெலன் என் கவுண்டருக்கு வந்தாள்.

'சார், பூக்கார அக்காவோட வூட்டுக்காரருக்கு ஒரு டிக்கெட் குடுங்க.'

'எந்த ஊரிலிருந்து?' என்று கேட்டேன். வேஷம் பழகிவிட்டதே!

'தெரியாது சார். தாம்பரம் வந்து எறங்குனா போதும்.'

மற்ற பிள்ளைகளும் அவள் பின்னால் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில், 'அந்த வீட்டுக்காரர் நான்தான்' என்று அடித்துவிட்டேன். ஒருவரும் ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. பிறகு ஹெலனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

'அப்போ இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?'

உன் தமிழ். ஒரு பிழை இல்லை.

இன்று காலை துறைத் தலைவரைப் பார்த்து, இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மே பத்தாம் தேதி விடியற்காலையில் வந்து இறங்குகிறேன். மீனம்பாக்கத்துக்கு நீ மட்டும் வா. அம்மாவுக்கு வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்,
முனிரத்தினம்